குழந்தையின் தலையணையில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் விடலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: ஆறு எசென்ஷியல் ஆயில் பாட்டில்கள் அடங்கிய பெட்டியும், எண்ணெய் வாசனையை நுண்துளியாக அறையில் பரப்பும் ஒரு டிஃப்யூசரும் எனக்குப் பரிசாக வந்தன. லாவெண்டர், எலுமிச்சை, பெப்பர்மின்ட், டீ ட்ரீ, யூகலிப்டஸ், கிராம்பு. வாசனைக்காக லாவெண்டரையும் எலுமிச்சையையும் அப்படியே கழுத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போய்வந்தேன். மறுநாள் அந்த இடம் சிவந்து எரிந்தது, இப்போது பழுப்புத் திட்டாக நிற்கிறது. மகனுக்கு 11 மாதம். மூக்கடைப்பால் தூங்காமல் சிணுங்குகிறான், தலையணையில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் விடச் சொல்கிறார்கள். தோழி ஒருத்தி தினமும் தண்ணீரில் பெப்பர்மின்ட் ஆயில் விட்டுக் குடிக்கிறாள், என்னையும் குடிக்கச் சொல்கிறாள். மாமியார் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார், மூட்டுவலிக்கு ஏதோ எண்ணெய்க் கலவையும் தடவிக்கொள்கிறார். வீட்டில் பூனையும் உண்டு. எல்லாம் செடியிலிருந்து எடுத்ததுதானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது?

மருந்தாளுநரின் பதில்:

வேண்டாம். தலையணைக் கேள்விக்கு இதுதான் பதில், மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். போகிற போக்கில் இன்னொன்று: 11 மாதக் குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. ஒரு வயது வரைக்கும் தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் இல்லாத தட்டையான படுக்கையில் தூங்குவதுதான் பாதுகாப்பு.

யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள், பெப்பர்மின்ட்டில் மெந்தால். பெரியவர்களுக்கு இவற்றை முகர்ந்தால் மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கும். உண்மையில் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது, மூக்கில் உள்ள குளிர்ச்சியை உணரும் நரம்புகள் தூண்டப்படுவதால் காற்று தாராளமாக வருவதுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு அந்தத் தோற்றத்தால் ஒரு லாபமும் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. மெந்தாலின் காட்டமான ஆவி முகத்துக்கு அருகில் வந்தால் சிறு குழந்தைகளுக்குக் குரல்வளை இறுகிக்கொள்ளலாம், சில நொடிகள் மூச்சு நின்றுபோகவும் கூடும். இந்தக் காரணத்தால்தான் மெந்தால், கற்பூரம், சினியோல் கலந்த மருந்துகளின் லேபிளில் பல நாடுகளில் 2 வயதுக்குக் கீழே கூடாது என்றோ 30 மாதத்துக்குக் கீழே கூடாது என்றோ அச்சடிக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும் குழந்தையாக இருந்தால் வயது கூடினாலும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றின் பக்கம் போகக் கூடாது. நீங்கள் இன்னும் பால் கொடுப்பவராக இருந்தால் உங்கள் மார்பிலும் கழுத்திலும் இவற்றைத் தடவிக்கொள்ள வேண்டாம், அவன் முகம் படுகிற இடம் அது.

அவனுக்கு இப்போது வேண்டியது, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து, சளியை உறிஞ்சி எடுக்கும் சின்ன பல்ப், அடிக்கடி பால். சாதாரணச் சளி என்றால் இதிலேயே தேறிவிடுவான். வேகவேகமாக மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால் எண்ணெயைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

எண்ணெய் வாயில் போனால் கதையே வேறு. யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, ஒரு சிறு குழந்தையை மயக்கத்துக்கும் வலிப்புக்கும் கொண்டுபோகப் போதும். அதைவிடக் குறைவாக 2, 3 மில்லி குடித்த குழந்தைகளே தள்ளாடி, துவண்டு போயிருக்கிறார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அறிகுறி தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்க அவகாசமும் கிடையாது. உங்களிடம் இருப்பது 10 மில்லி பாட்டில் என்றே வைத்துக்கொள்வோம், அதில் பாதி போதும். கிராம்பு எண்ணெய் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது, டீ ட்ரீ குடித்தவர்கள் நிதானம் இழந்து நடக்க முடியாமல் போயிருக்கிறார்கள். கற்பூரம் இதைவிட மோசம், ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததாக மருத்துவப் பதிவு உண்டு. 11 மாதத்தில் தவழ்கிறவன் இன்னும் இரண்டு மாதத்தில் எழுந்து நின்று மேசையிலிருந்து எதையாவது இழுப்பான். எனவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தப் பெட்டியைப் பூட்டுள்ள அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். பாட்டில் வாயில் சொட்டுச் சொட்டாக விழவைக்கும் பிளாஸ்டிக் அடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பாட்டிலைக் குழந்தை கவிழ்த்தால் ஒரே வாயில் எல்லாம் போய்விடும்.

சரி, செடியிலிருந்து வந்தது என்ற விஷயத்துக்கு வருவோம். நச்சுச்செடியும் செடிதான் என்று சொல்லி இதை ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. லாவெண்டர் பூவை முகர்ந்து யாருக்கும் எதுவும் ஆவதில்லையே! ஆவதில்லை, ஏனென்றால் பூவில் எண்ணெய் மிகக் கொஞ்சம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஆயிரக்கணக்கான கிலோ இதழ்கள் போக வேண்டியிருக்கிறது. அந்தச் செறிவுதான் பாட்டிலில் இருக்கிறது, உடம்பு அதைச் செடியாகப் பார்ப்பதில்லை, ரசாயனமாகத்தான் பார்க்கிறது. மருந்துக்கு நாம் கேட்கிற கேள்விகளையே இதற்கும் கேட்க வேண்டும்: எவ்வளவு, எந்த வழியாக, யாருக்கு. நீங்கள் எழுதியிருக்கும் எல்லாச் சிக்கலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வந்தவைதான்.

உங்கள் கழுத்தில் நடந்தது என்ன என்று பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மூன்று சாத்தியங்கள் உண்டு. முதல் சந்தேகம் எலுமிச்சை மேல்தான். தோலைப் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை, லைம், பெர்கமாட், கிரேப்ஃப்ரூட் எண்ணெய்களில் ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை சருமத்தில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் வெந்ததுபோல் சிவக்கும், கொப்புளம்கூட வரும், ஆறிய பிறகு பழுப்பு நிறம் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நிற்கும். பெர்கமாட்தான் இதில் பெரிய குற்றவாளி, எலுமிச்சை அந்த அளவுக்கு இல்லை, ஆனால் கொஞ்சமும் கலக்காமல் தடவினால் அதுவும் போதும். இந்த எண்ணெய் பட்ட இடத்தை 12 மணி நேரமாவது, முடிந்தால் 18 மணி நேரம் வெயிலுக்குக் காட்டக் கூடாது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், இந்த வேலையைச் செய்யும் யூவி-ஏ கதிர் கண்ணாடி வழியாகவும் வரும். ஆவியில் வடித்து எடுத்த லைம் எண்ணெயிலும், ஸ்வீட் ஆரஞ்சிலும் இந்தத் தொல்லை இல்லை. எப்படி எடுத்தது என்பதை லேபிளில் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது சாத்தியம் வெறும் எரிச்சல். கலக்காத எண்ணெயைத் தடவினால் யாருக்கும் வரலாம், நிறுத்தினால் போய்விடும். மூன்றாவது ஒவ்வாமை, நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். லாவெண்டரில் உள்ள லினலூலும் எலுமிச்சையில் உள்ள லிமோனீனும் புதிதாக இருக்கும்போது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பாட்டிலைத் திறந்து திறந்து மூடக் காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகு அவை சருமத்தை உசுப்பிவிடும் பொருள்களாக மாறுகின்றன. டீ ட்ரீயும் இதே வகை. ஒருமுறை உடம்பு இதை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் பிறகு மறக்காது, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. லினலூல் சோப்பு, ஷாம்பு, கிரீம் என்று ஏகப்பட்டவற்றில் இருப்பதால் எதை வாங்கினாலும் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். லாவெண்டரை மட்டும் கலக்காமல் தடவலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அதை நம்ப வேண்டாம். தினம் தினம் அப்படித் தடவி வருகிறவர்களுக்குத்தான் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகிறது.

இப்போதைக்கு எல்லா வாசனைப் பொருளையும் நிறுத்துங்கள், அந்த இடத்தை வெயிலிலிருந்து மறையுங்கள், தேய்க்காதீர்கள், வெளுக்கவைக்கும் கிரீம் எதுவும் போடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டினால் பேட்ச் டெஸ்ட் செய்து இது ஒவ்வாமையா என்று சொல்லிவிடுவார். அவரைப் பார்க்கும்வரை லாவெண்டரைத் திரும்பத் தொட வேண்டாம்.

அவர் சரி என்று சொன்ன பிறகு பயன்படுத்துவதாக இருந்தால் கணக்கு எளிது. ஒரு மில்லியில் ஏறக்குறைய 20 சொட்டு. 30 மில்லி தாவர எண்ணெயில், அது தேங்காயோ ஜோஜோபாவோ எதுவானாலும், 6 சொட்டு விட்டால் ஒரு சதவீதம், 12 விட்டால் இரண்டு. முகத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம், உடம்புக்கு இரண்டுக்கு மேல் போக ஒரு அவசியமும் இல்லை. உங்கள் பெட்டியில் உள்ள கிராம்பு தனி ரகம். அதில் பெரும்பகுதி யூஜினால் என்பதால் அரை சதவீதத்தைத் தாண்டவே கூடாது, 30 மில்லிக்கு 3 சொட்டு. லவங்கப்பட்டை எண்ணெய் யாராவது கொடுத்தால் சருமத்துக்கு வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கொட்டை வகை ஒவ்வாமை உள்ளவருக்குப் பாதாம் எண்ணெயில் கலக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான், ஆனால் மறந்துவிடுவோம். கலந்ததை முன்கையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து 24 மணியிலிருந்து 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போது ஒன்றும் வராவிட்டால் நல்லது, ஆனால் பிறகும் வராது என்று அதற்கு அர்த்தமில்லை.

குளிக்கிற தண்ணீரில் நேராகச் சொட்டுவதும் கலக்காமல் தடவுவதும் ஒன்றுதான். எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதக்கும், நீங்கள் உள்ளே இறங்கியதும் அந்தப் படலம் அப்படியே உடம்பில் ஒட்டும், அதுவும் மென்மையான இடங்களில் ஒட்டினால் எரிச்சலைச் சொல்லி மாளாது.

உங்கள் தோழியின் தம்ளரிலும் நடப்பது இதேதான். அவர் குடிப்பது பெப்பர்மின்ட் கலந்த நீர் அல்ல, நீர்மேல் மிதக்கும் கலக்காத பெப்பர்மின்ட். அது வாயையும் உணவுக்குழாயையும் நேரடியாகத் தொடுகிறது. இரைப்பைக்கு மேலே உள்ள வால்வைத் தளர்த்திவிடுவதால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடும். குடல் எரிச்சல் நோய்க்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரை கொடுப்பதில்லையா என்று அவர் கேட்கலாம். கொடுக்கிறோம், அதில் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது, இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும் உறை இருக்கிறது, இன்ன நோய்க்கு இத்தனை நாள் என்ற வரையறையும் இருக்கிறது. தம்ளரில் இவற்றில் எதுவும் இல்லை. பாட்டிலில் தெரப்யூட்டிக் கிரேடு என்று எழுதியிருக்கிறதே என்றால், அந்தச் சொற்களுக்குப் பின்னால் எந்த அரசுத் தரச்சான்றும் கிடையாது, விற்பவர்களே எழுதிக்கொள்வது. லேபிளில் நான் தேடுவது வேறு: செடியின் லத்தீன் பெயர், எந்தப் பகுதியிலிருந்து எப்படி எடுத்தது, தொகுப்பு எண், காலாவதித் தேதி. இதெல்லாம் இருந்தால் குடிக்கலாமா? அப்போதும் குடிக்கக் கூடாது.

அடுத்து மாமியார். உங்கள் கடிதத்தில் குழந்தைக்கு அடுத்தபடியாக என்னைப் பயமுறுத்தியது அவர் தடவும் அந்தக் கலவைதான், நீங்களோ அதைப் பாதி வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மூட்டுவலிக் கலவைகளில் வின்டர்கிரீன் எண்ணெய் அடிக்கடி இருக்கும். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு டீஸ்பூன் வின்டர்கிரீனில் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் 20-க்கும் மேல் சாப்பிட்ட அளவுக்குச் சாலிசிலேட் இருக்கிறது. தோல் வழியாகவும் உள்ளே போகும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ துணி சுற்றினாலோ இன்னும் வேகமாகப் போகும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் இதைத் தொடர்ந்து தடவினால் இரத்தம் உறைவது மேலும் தாமதமாகி ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை) எண் எகிறியதும் இரத்தக்கசிவு ஏற்பட்டதும் மருத்துவ இலக்கியத்தில் பதிவானவை. கிராம்பில் உள்ள யூஜினாலும் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குணம் உள்ளது. கலவையின் லேபிளைப் படியுங்கள். மெத்தில் சாலிசிலேட், வின்டர்கிரீன், பிர்ச் இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், லேபிளே இல்லாத பாட்டில் என்றாலும் நிறுத்தத்தான் வேண்டும். எத்தனை நாளாகத் தடவுகிறார் என்று அவருடைய மருத்துவரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். ஈறில் இரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றிய நீலத் திட்டு, கருப்பாக மலம் என்று எது இருந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

டிஃப்யூசரை ஒரேயடியாகத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். ஜன்னலைத் திறந்துவைத்து, ஓரிரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அணைத்துவிடுங்கள். இரவு முழுக்க மூடிய அறையில் ஓடுவதுதான் தலைவலியையும் குமட்டலையும் கொண்டுவருகிறது. மூக்கு பழகிப்போய் வாசனை குறைந்ததாகத் தோன்றும், சொட்டைக் கூட்டத் தூண்டும், காற்றிலோ அது குறைந்திருக்காது. குழந்தை இருக்கும் அறையில் ஓட்ட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் யார் வீட்டுக்கு வந்தாலும் அணைத்துவிடுவது மரியாதை மட்டுமல்ல, தேவையும்கூட. மருத்துவர் மருந்து போட்டுக் கொடுக்கும் நெபுலைசரில் இந்த எண்ணெயை எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது. எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியாவே வரும், மூக்கில் எண்ணெய் விடுவதற்கும் இதே எச்சரிக்கை. ஆவி பிடிக்கும் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளை நினைத்தால் அந்த வழக்கத்தையும் கைக்குழந்தை உள்ள வீட்டில் விட்டுவிடலாம்.

பூனைக்குக் கல்லீரலில் இந்த வகைப் பொருள்களைக் கழித்து வெளியேற்றும் நொதி மிகக் குறைவு. டிஃப்யூசரிலிருந்து பறக்கும் நுண்துளி ரோமத்தில் படியும், அது நக்கி நக்கி உள்ளே இறக்கும். உண்ணிக்காக டீ ட்ரீயைப் பூனைமேல் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், கலக்காத எண்ணெய் சில சொட்டே நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். எச்சில் ஒழுகினாலோ பின்னங்கால் தள்ளாடினாலோ கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். டிஃப்யூசர் ஓடும்போது பூனை வெளியே போக ஒரு கதவு திறந்திருக்கட்டும்.

அப்புறம், அறைக்கு அடிக்கும் ஸ்பிரேயை வீட்டிலேயே தண்ணீர் ஊற்றித் தயாரிக்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். கிருமி வளராமல் காக்கும் பொருள் சேர்க்காத தண்ணீர்க் கலவை எதுவானாலும் சில நாளில் கெடும், வாசனை எண்ணெய் அதைக் காப்பாற்றிவிடாது. 2021-ல் அமெரிக்காவில் கடையில் விற்ற ஒரு லாவெண்டர் அறை ஸ்பிரேயில் மெலியாய்டோசிஸ் நோய்க்கிருமி இருந்து, அதனால் நான்கு பேருக்கு நோய் வந்து இருவர் இறந்துபோனார்கள். அது தொழிற்சாலையில் தயாரித்தது.

பாட்டில்களை அடர்நிறக் கண்ணாடியில், இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டினால் நல்லது. எலுமிச்சை வகையும் டீ ட்ரீயும் திறந்து ஓர் ஆண்டு ஆகிவிட்டால் சருமத்துக்கு வேண்டாம். ரப்பர் குமிழ் உள்ள டிராப்பரைப் பாட்டிலிலேயே செருகி வைத்தால் ரப்பர் கூழாகும். இவை எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள், எரியும் மெழுகுவர்த்தியில் சொட்டுவது விளையாட்டல்ல.

இத்தனையும் மீறி ஒன்று நடந்துவிட்டால்: குழந்தை குடித்துவிட்டது என்று தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எண்ணெய் மேலே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெடும். பாலோ எண்ணெயோ கொடுத்து முறிக்கப் பார்க்கவும் வேண்டாம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே நச்சு முறிவு உதவி மையத்தை அழையுங்கள், அல்லது பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிவது பாதி வேலை. இருமினாலோ தூங்கி வழிந்தாலோ ஆம்புலன்ஸ். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போகவும். சருமத்தில் எரிந்தால் சாதாரணச் சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு முதலில் துடைத்துவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், வெறும் தண்ணீர் அதைக் கரைக்காது.

கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது வலிப்பு நோயோ ஜி6பிடி குறைபாடோ (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தாலோ எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தப் பட்டியல் வேறு, பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாதது. மாமியாரின் கலவையில் என்ன இருந்தது என்பதையும் அப்போது சேர்த்து எழுதுங்கள்.